தோற்றவரும் சரிபார்க்கக்கூடிய எண்: தேர்தல் கண்காணிப்பு அனுபவங்கள்

பார்வையாளராக இருந்த ஒருவர்:

எந்தக் கட்சியையும் சாராத குடிமக்கள் குழு ஒன்றின் சார்பில் வாக்குச்சாவடியில் பார்வையாளராக இருந்திருக்கிறேன். சாவடி எத்தனை மணிக்குத் திறந்தது, பெட்டி காலி என்று காட்டிவிட்டு முத்திரை வைத்தார்களா, எந்தெந்தக் கட்சி முகவர்கள் வந்தார்கள், பட்டியலில் பெயர் இல்லை என்று எத்தனை பேர் திரும்பிப் போனார்கள், எல்லாவற்றையும் படிவத்தில் குறிக்க வேண்டும். கண்ணெதிரே தவறு நடந்தாலும் நாம் கை வைக்கக் கூடாது. அலுவலரிடம் சொல்லலாம், எழுதலாம், அவ்வளவுதான்.

வரிசையில் நின்ற பெரியவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தக் கட்சி?" என்றார். எந்தக் கட்சியும் இல்லை என்றேன். "அப்போ உங்களுக்கு யாரு செலவு பண்றாங்க?"

நியாயமான கேள்வி. தன் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாத குழுவுக்கு, தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் கேட்கும் தகுதி கிடையாது. எங்கள் குழு வரவுசெலவை அச்சடித்தே வைத்திருக்கிறது. அவரிடம் ஒரு தாள் கொடுத்தேன். வரிசை நகர்ந்ததைக்கூடக் கவனிக்காமல் முழுவதையும் படித்தார்.

இரவு எண்ணி முடித்ததும் முகவர்கள் முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்; நகலைக் கதவில் ஒட்டினார்கள். தோற்ற கட்சியின் முகவருக்குக் கடும் கோபம். "இங்க ஒண்ணு எழுதுவாங்க, மேல போனா வேற ஒண்ணு வரும்" என்றார். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சாவடிவாரியாக முடிவு வெளியானதும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன். முடிவு வந்ததும் அவரே போன் செய்தார். "தோத்துட்டோம். ஆனா நம்பர் சரியா இருக்கு."

சாவடிவாரியாக வெளியிடாமல் மொத்த எண்ணை மட்டும் அறிவித்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? இந்தோனேசியாவில் 2014 அதிபர் தேர்தலின்போது ஆணையம் சாவடி முடிவுத் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டது. 'கவால் பெமிலு' என்ற பெயரில் தன்னார்வலர்கள் அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்து தாங்களே கூட்டிப் பார்த்தார்கள். இரு வேட்பாளர்களும் வெற்றி எங்களுக்கே என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ஆணையம் தாளைத் திறந்து வைத்தது, மக்கள் கூட்டினார்கள். ஆணையமும் மக்களும் சேர்ந்து வேலை செய்வது என்று நான் நினைப்பது இதைத்தான்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்த ஒருவர்:

எங்கள் வேலை தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பட்டியலில் சில பெயர்களை எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போவோம். அப்புறம், வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று திருப்பியும் பார்ப்போம். முதல் வழியில் இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் தெரிவார்கள், இரண்டாவது வழியில் விடுபட்டவர்கள் தெரிவார்கள். விடுபட்டவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவர் குரல் வாக்குப்பதிவு நாளில்தான் கேட்கும், அதற்குள் காலம் கடந்திருக்கும்.

ஒரு வீட்டில், இறந்துபோன அம்மாவின் பெயர் இன்னும் இருக்கிறது என்றதும் மகள் பதறிவிட்டார். யாரோ அந்த ஓட்டைப் போட்டிருப்பார்களோ என்று பயம். பெயர் இருப்பது வேறு, ஓட்டு விழுந்திருப்பது வேறு என்று விளக்கினோம். இறப்பை யாரும் தெரிவிக்காததால் தங்கிப்போன பெயர் அது. வதந்திகள் பலவும் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் பரவுகின்றன. நீக்கல் படிவத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

பட்டியலுக்குப் பொறுப்பான அதிகாரி முதலில் எங்களைச் சந்திக்கவே தயங்கினார். பொத்தாம்பொதுவாகக் குறை சொல்லாமல் பாகம், வரிசை எண், காரணம் என்று போட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. திருத்தியவை எவை, திருத்தாதவை எவை, ஏன் என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த 'ஏன்' எங்களுக்குப் பெரிய விஷயம்.

சாவடி அலுவலராக இருந்த ஒருவர்:

பார்வையாளர்கள் அறையில் இருந்தால் எங்களுக்குத்தான் பாதுகாப்பு. ஒருமுறை, பெட்டி வந்து சேரத் தாமதமானதால் மாற்றிவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. வண்டி புறப்பட்ட நேரம், நின்ற இடம், முத்திரை எண் எல்லாம் பார்வையாளர் குறிப்பிலும் என் குறிப்பிலும் ஒன்றாக இருந்தன. முகவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்; பேச்சு அடங்கியது.

பார்வையாளர் குழுக்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எண்ணிக்கை முடியும் முன் பாராட்டு அறிக்கை விடாதீர்கள். கென்யாவில் 2017-இல் வாக்குப்பதிவு முடிந்த கையோடு சர்வதேசப் பார்வையாளர்கள் சிலர் நல்லவிதமாகப் பேசினார்கள். முடிவுகளை அனுப்பிய விதத்தில் குறை கண்ட உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. சாவடியில் அமைதியாக வரிசை நின்றதை வைத்து, கூட்டல் சரி என்று சொல்லிவிட முடியாது. இதற்குப் பிறகு மக்கள் ஆணையத்தை மட்டுமா சந்தேகப்படுவார்கள்? பார்வையாளரையும் சேர்த்துத்தான்.

இப்போதெல்லாம் எண்ணும் மேசையை எங்கே போட்டால் எல்லாருக்கும் தெரியும் என்று முந்தின நாள் மாலையே குழுவினரோடு சேர்ந்து பார்த்துவிடுகிறோம். பெட்டிகள் வைத்திருக்கும் அறையைக் கண்காணிப்பதில்தான் எங்களுக்கு இன்னும் சரியான ஏற்பாடு அமையவில்லை. அதைச் செய்தவர்கள் இருந்தால் விவரமாக எழுதுங்கள்.