அடிக்கடி காலையில ஒரு மீன் செத்துக் கிடக்குது, ரெட் டெயில் ஷார்க்தான் காரணமா?

மூன்றடித்தொட்டி (சென்னை):

தொட்டி 3 × 1 × 1¼ அடி, வச்சு பத்து வாரம் ஆகுது. வாங்கி விட்டது ஏஞ்சல் 4, டைகர் பார்ப் 6, ரெட் டெயில் ஷார்க் (பேருதான் ஷார்க், சுறா இல்ல) 1, நீல கௌராமி 2, கப்பி 6, சக்கர் (வாயால ஒட்டிப் பாசி தின்னுற மீன்) 1. கடைசி மூணு வாரத்துல கப்பி 3, கௌராமி 1, ஏஞ்சல் 1, டைகர் பார்ப் 1 போயிடுச்சு.

எல்லாமே காலையிலதான். ராத்திரி நல்லா தின்னுட்டு நீந்திட்டிருக்கும், விடிஞ்சா ஒண்ணு கல்லு மேல கிடக்கும், இல்லன்னா ஃபில்டர் வாயில ஒட்டிக்கிட்டிருக்கும். கௌராமிக்கு ரெண்டு கண்ணும் இல்ல. ஏஞ்சலுக்கு வால் கிழிஞ்சு, விலாவுல வெளுப்பா வட்டமா ரெண்டு தழும்பு. பகல் முழுக்க எல்லாத்தையும் துரத்துறது ஷார்க்.

ரெண்டு ஞாயிறுக்கு ஒருதடவை மீனை பக்கெட்டுக்கு மாத்தி, தண்ணியை முழுசா இறக்கி, கல்லைக் கழுவி, ஃபில்டர் பஞ்சைக் குழாயில அலசி, புது போர் தண்ணி விட்டு, ஆன்டி குளோரின் சொட்டு விடறேன். தொட்டிக்குள்ள நிக்கிற பவர் ஃபில்டர். சத்தமா இருக்குன்னு ராத்திரி பத்து மணிக்கு அணைச்சு காலையில ஆறுக்குப் போடுவோம். கடையில தண்ணி சோதிச்சதுல பிஎச் (அமில, கார அளவு) 8, அமோனியா 1, நைட்ரைட் 0.5. ஷார்க்கைத் திருப்பிக் குடுத்துடலாமா?

அயிரை77:

குடுக்கலாம், ஆனா சாவு நிக்காது. செத்த மீன்ல முதல்ல பார்க்க வேண்டியது, காயம் உயிரோட இருக்கும்போது பட்டதா, செத்த பிறகு பட்டதான்னு. உயிரோட கடிபட்டிருந்தா காயத்தோட ஓரம் சிவந்து ரத்தம் கட்டியிருக்கும். ஒருநாள் தாண்டினதுன்னா மேல பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிச்சிருக்கும். செத்த பிறகு கொறிச்சது வெளுத்து நார் நாரா நிக்கும், சிவப்பே இருக்காது. கண்ணும் வயிறும் மிருதுவான இடம், கூட இருக்கிற மீன் எதுவா இருந்தாலும் பிணத்துல அங்கதான் முதல்ல வாய் வைக்கும். கௌராமிக்குக் கண் இல்லன்னா அது ரொம்ப நேரம் முன்னாடியே செத்துக் கிடந்திருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

இப்ப உங்க எண்களைப் பார்ப்போம். சோதனையில வர்ற அமோனியா மொத்தக் கணக்கு. அதுல விஷம் ஒரு பகுதிதான். அந்தப் பகுதி எவ்வளவுங்கிறதை பிஎச்சும் சூடும் முடிவு பண்ணும். தண்ணி 30 டிகிரி, பிஎச் 7 இருந்தா நூத்துல ஒரு பங்குகூட விஷமா இருக்காது. அதே சூட்டுல பிஎச் 8 ஆனா ஏழு பங்குக்கு மேல. உங்க தண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம்னா கிட்டத்தட்ட 0.075 விஷ அமோனியா. 0.02 தாண்டினாலே செவுள் எரிய ஆரம்பிக்கும்.

இந்த அமோனியா வர்றதுக்குக் காரணம் உங்க ஞாயிற்றுக்கிழமை வேலை. மீன் கழிவைத் தின்னு அமோனியாவை நைட்ரைட்டா, நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா தண்ணியில மிதக்கிறதில்ல. பஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டி வாழுது. அது நல்லா ஊன்ற நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நீங்க ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை அதைக் கழுவி ஊத்திட்டு மறுபடி முதல்ல இருந்து தொடங்குறீங்க. பத்து வாரத் தொட்டி இல்ல சார் இது, ரெண்டு வாரத் தொட்டியை அஞ்சு தடவை வச்சிருக்கீங்க. செத்த தேதிகளை ஞாயிற்றுக்கிழமையோட ஒத்துப் பாருங்களேன்.

இன்னிக்கே செய்ய வேண்டியது: ரெண்டு நாள் தீனி வேண்டாம். வளர்ந்த மீன் பட்டினியில சாகாது, தீனி போடப் போட அமோனியாதான் ஏறும். உங்க தொட்டியில கல்லு போக சுமார் 90 லிட்டர் தண்ணி இருக்கும். தினம் கால்வாசி, அதாவது 15 லிட்டர் பக்கெட்டுல ஒன்றரை, மாத்துங்க. பஞ்சை அந்தப் பழைய தண்ணியிலயே ரெண்டு பிழி பிழிஞ்சு திரும்ப மாட்டுங்க. வெள்ளையாகணும்னு பார்க்காதீங்க, பழுப்பா இருக்கிறதுதான் உங்க சொத்து. நைட்ரைட்டுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்குல 90 கிராம் கல் உப்பை மக்குல கரைச்சு, பாதி இப்ப, பாதி 12 மணி நேரம் கழிச்சு விடுங்க. உப்புல இருக்கிற குளோரைடு செவுள் வழியா நைட்ரைட் உள்ள போறதைத் தடுக்கும். நைட்ரைட்டால செத்த மீனோட செவுள் காப்பிப்பொடி நிறத்துல இருக்கும், அடுத்த தடவை செவுள்மூடியைத் தூக்கிப் பாருங்க.

ஆன்டி குளோரின் சொட்டு பத்தி ஒண்ணு. அது சோடியம் தயோசல்பேட். குளோரினை மட்டும்தான் அடிக்கும், அமோனியாவைத் தொடாது. வீட்டு சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்துல மட்டும் போர் தண்ணிக்கும் அது கட்டாயம்.

மூன்றடித்தொட்டி:

தேதி பார்த்தேன். ஆறுல நாலு, கழுவின ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய் இல்லன்னா புதன். ரெண்டு மட்டும் ஒட்டல. கழுவாத வாரத்துல, கரண்ட் போன ராத்திரிக்கு மறுநாள்.

விரால்:

அந்த ரெண்டு சாவு மூச்சுத் திணறலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஃபில்டரை இரவில் அணைப்பது இங்கே பல வீடுகளில் நடக்கிறது, விசிறி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மேற்பரப்பு அசையாமல் எட்டு மணி நேரம் நின்றால் மீன், அழுகும் தீனி, செடி இருந்தால் அதுவும் சேர்ந்து இழுத்து, விடியற்காலையில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். இப்படிச் செத்த மீன் வாய் பிளந்து, செவுள்மூடி விரிந்து கிடக்கும். பெரிதாக உள்ளது முதலில் போகும். கௌராமியும் கப்பியும் மேலே வந்து சமாளிக்கப் பார்க்கும், ஏஞ்சலுக்கும் பார்ப்புக்கும் அது கடினம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அணைத்த ஃபில்டரின் மூடிய கூட்டுக்குள் பஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீரோட்டம் நின்று பல மணி நேரமானால் அது சாகத் தொடங்கும், உள்ளே அழுகல் பிடிக்கும். காலையில் சுவிட்சைப் போட்டதும் அந்த நீர் நேராகத் தொட்டிக்குள் வரும். முட்டை அழுகின வாடை வந்தால் ஓடவிடாதீர்கள். பஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள்.

எனவே ஃபில்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். சத்தம் பெரும்பாலும் மோட்டார் கண்ணாடியில் உரசுவதாலோ இம்பெல்லரில் (உள்ளே சுழலும் சிறு விசிறி) மணல் சிக்குவதாலோ வருவது. இம்பெல்லரை உருவி, குழியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி குறையும். கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் கடைகளில் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள்.

போர் தண்ணீரை நேராக ஊற்றுவதையும் நிறுத்துங்கள். நிலத்தடியில் இருந்து வரும்போது அதில் கரியமில வாயு அதிகம், ஆக்சிஜன் குறைவு. குழாயில் பிடித்த உடனே பிஎச் பாருங்கள், டிரம்மில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 7.2 காட்டியது 8ஐத் தொடுவது சாதாரணம். முழுத் தண்ணீரையும் மாற்றினால் மீன் அந்த ஏற்றத்தை ஒரே இரவில் தாங்க வேண்டியிருக்கும்.

தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து எது? பிளக்கில் செருகும் திரவம், சுருள், ஸ்பிரே எல்லாவற்றிலும் பைரித்ராய்டு வகை மருந்துதான். நமக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது, மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. பம்ப்பை வேறு அறையில் வைத்து டியூபை மட்டும் கொண்டுவாருங்கள், அல்லது அந்த அறையில் வலை கட்டுங்கள்.

மூன்றடித்தொட்டி:

பிளக்கில் செருகுறதுதான், அதே அறையில, ஆனா ஏர் பம்ப் இல்ல. இன்னிக்கே எடுத்துடறேன். ஆனா துரத்துறது உண்மைதானே? இன்னிக்கு உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு ஏஞ்சல் ஃபில்டர் பக்கத்திலயே நிக்குது, யார் வந்தாலும் பாயுது. ஃபில்டர் உடம்புல நாலு விரல் அகலத்துக்குப் பாசியே இல்லாம பளபளன்னு இருக்கு.

சாளை:

அந்தப் பளபளப்பு போதும். அது ஜோடி. முட்டை வைக்க இடத்தை வாயாலேயே துடைச்சு வச்சிருக்கு. செங்குத்தா நிக்கிற இலை, குழாய், ஃபில்டர், கண்ணாடி, இதுல எதையாவது எடுத்துக்கும். முட்டை ரெண்டு மூணு நாள்ல பொரியும், குஞ்சு நீந்த இன்னும் சில நாள். அதுவரைக்கும் மூணடித் தொட்டியில பாதி அதுங்களோடது. மிச்ச மீன் எல்லாம் எதிர்மூலையில, மேல்தட்டுல நெருக்கிக்கிட்டு நிக்கும். ஷார்க் அந்தப் பக்கம் ஒதுங்குறப்போ அங்க இருக்கிறதைத் துரத்தும். அதுதான் உங்க கண்ணுல படுது.

ஷார்க்கும் சும்மா இல்ல. தாய்லாந்து ஆத்து மீன் அது. சொந்த ஊர்ல கிட்டத்தட்ட இல்லாமப் போச்சு, நம்ம கடையில மட்டும் மலிவா கிடைக்குது. தனியா ஒரு குகையைப் பிடிச்சு காவல் காக்கிற சுபாவம். ஒரு தொட்டிக்கு ஒண்ணுதான். தேங்காய் ஓட்டை கவுத்து வாசலை மூலைப் பக்கம் திருப்பி வைங்க. வாசல்ல நின்னு தொட்டி முழுக்கப் பார்க்க முடியலன்னா துரத்துறது குறையும்.

டைகர் பார்ப் அஞ்சு இருக்கிறதுதான் வால் கிழியறதுக்குக் காரணம். பத்துக்கு மேல இருந்தா தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கும். அஞ்சா இருந்தா தொங்குற வாலைத் தேடும். உங்க தொட்டியில தொங்குறது ஏஞ்சல் துடுப்பு, கௌராமி மீசை, கப்பி வால். இந்த மூணோடயும் பார்ப் வைக்கிறது எத்தனை எண்ணிக்கையிலும் தப்புதான். கடையில ஒரே தொட்டியில ஒண்ணா இருந்துச்சேன்னு கேக்காதீங்க, அங்க நெரிசல்ல யாருக்கும் எல்லை கிடையாது.

விலாவுல வட்டத் தழும்பு, அது சக்கர். பக்கவாட்டுல தட்டையான மீன் ராத்திரி அசையாம நிக்கும்போது அது ஏறி ஒட்டி, மேல் வழுவழுப்பை உறிஞ்சும். பாசி பத்தாதப்போ அதிகம். விளக்கணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு, டார்ச்சுல சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுத்திப் பாருங்க, கையும் களவுமா பிடிக்கலாம். ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டை ஃபோர்க்குல குத்தி அடியில வச்சா தற்காலிகமா நிக்கும், மிச்சத்தைக் காலையில எடுத்துடுங்க. அது ஒரு அடிக்கு மேல வளர்ற மீன், இந்தத் தொட்டிக்கு ஆகாது. வேண்டாம்னு ஏரியில மட்டும் விட்டுடாதீங்க, கடையிலயே குடுங்க.

என் கணக்குல சக்கரும் பார்ப்பும் வெளிய போகணும். ஏஞ்சல் ஜோடி இருக்கணும்னா மூணாவது ஏஞ்சலுக்கும் கப்பிக்கும் வேற இடம் பாருங்க. ஜோடி வேண்டாம்னா அதைக் குடுத்துட்டு ஒத்தை ஏஞ்சலை வச்சுக்கலாம். கௌராமி, ஷார்க் ரெண்டு வகையிலயும் இருக்கலாம். முடிவு பண்ற வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டைத் தொட்டி அகலத்துக்கு வெட்டி நடுவுல செருகி, ஜோடியை ஃபில்டர் பக்கம் விடுங்க. ஓட்டை வழியா தண்ணி ஓடும், மீன் போகாது. அமோனியா சுழிக்கு வர்ற வரைக்கும் புதுசா ஒரு மீன்கூட வாங்க வேண்டாம்.

மூன்றடித்தொட்டி:

வலைத்தட்டு செருகியாச்சு. உப்பு போட்டா முட்டைக்கு ஏதாவது ஆகுமா? தினம் தண்ணி மாத்தும்போது உப்பும் திரும்பப் போடணுமா?

அயிரை77:

லிட்டருக்கு ஒரு கிராம் அளவு முட்டையை ஒண்ணும் பண்ணாது. மாத்துற தண்ணிக்கு மட்டும் போடுங்க, ஒன்றரை பக்கெட்டுக்கு 22 கிராம். ஆவியாகிக் குறைஞ்சதை நிரப்பும்போது போடாதீங்க, ஆவியாகும்போது உப்பு போகாது, உள்ளேயே தங்கும். நைட்ரைட் சுழி காட்டினதும் நிறுத்திடுங்க.