கப்பலுக்கு மேல கப்பலா? தம்பி அனுப்பின கொரியப் படம்

திருக்கடலூர்க்காரி:
கொரிய எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச ஆரும் இருந்தா ஒருக்கா பதில் போடுங்கோ.

தம்பி மூண்டு மாசத்துக்கு முன்னம் கொரியாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவன். நேற்று ராத்திரி குடும்ப வாட்சப்பில ஒரு பகிடிப் படம் போட்டிட்டுப் படுத்திட்டான். சின்ன வள்ளம் ஒண்டு, அதுக்குள்ள கொழுத்த செம்பூனை மல்லாந்து கிடக்குது, வண்டிக்கு மேல விளாம்பழம் மாதிரி ஒரு மண்ணிற உருண்டை. கீழ ஒரு வரி எழுத்து. அதில ஒரே எழுத்து மூண்டு தரம் வருது: வாளி மாதிரி ஒண்டு, பக்கத்தில ஏணி மாதிரி ஒண்டு. கடைசியில, நடுவில கோடு போட்ட 7 மாதிரி மூண்டு.

ஃபோனில மொழிபெயர்த்துப் பார்த்தா "கப்பலின் மேல் கப்பலின் மேல் கப்பல்" எண்டு வருது. நான் யோசிக்காம அதைச் சத்தமா வாசிச்சுப்போட்டன். அம்மா 2004இல கடல் வந்த நேரம் வள்ளம் வீட்டுக் கூரையில கிடந்ததைக் கண்ட மனிசி. "கப்பல் மோதிட்டுதாமோ" எண்டு விடியும்வரை நித்திரையில்லை. அங்க எங்களைவிட மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, அவன் இப்ப கடலில நிப்பான், ஃபோன் எடுக்கிறானில்லை.

சும்மா_ஒருவன்:
வேற ஆப்பில போட்டுப் பாருங்கோ.

திருக்கடலூர்க்காரி:
போட்டன். அதில "வயிற்றின் மேல் வயிற்றின் மேல் வயிறு". அம்மாவுக்கு அதைக் காட்டேல்லை.

கிண்ணியாக் கடல்:
தங்கச்சி, உம்மாவ நிம்மதியாப் படுக்கச் சொல்லுங்க. ரெண்டு ஆப்பும் பாதி சரி.

அந்த வாளியும் ஏணியும் சேர்ந்தா "பே". கொரியனில பே எண்டா கப்பல், வள்ளம் எல்லாம். வயிறும் பேதான். பேரிக்காயும் பேதான். நீங்க விளாம்பழம் எண்டது அவங்கட பேரிக்காய், நம்ம கடையில வாற பச்சைப் பேரிக்காய் மாதிரி இல்ல, உருண்டையா மண்ணிறமா இரிக்கும். இடையில வாறது "வியே", அதாவது மேல. தமிழ் மாதிரியே "மேல" எண்டது பின்னுக்குத்தான் வரும். அதால ஒழுங்கு மாறாமச் சொல்லலாம்: வள்ளத்துக்கு மேல வயிறு, வயித்துக்கு மேல பேரிக்காய். கடைசி மூண்டும் "க் க் க்", அவங்கட சிரிப்பு.

நானும் நாலு வருசம் பத்து மாசம் அங்க மீன் போட்டில நிண்டவன். சோதனைக்குப் படிக்கக்குள்ள பே எண்டா கப்பல் எண்டு மட்டும் பாடமாக்கி வச்சிருந்தன். முதல் கிழமை முதலாளி என்னப் பார்த்து "பே கோபா?" எண்டார். கோஜாங் எண்டா பழுது. எனக்கு ரெண்டும் ஒண்டாக் கேட்டிச்சு. வள்ளம் பழுதாக்கும் எண்டு ஓடிப்போய் எஞ்சின் மூடியத் திறந்து நிக்கிறன், மனிசன் சோத்துக் கிண்ணத்தோட வந்து நிக்கிறார். பே கோபா எண்டா பசிக்குதா எண்டு அர்த்தம். பிறகு என்ட பேரே எஞ்சின்தான்.

நாடகப் பைத்தியம்:
கிண்ணியா நானா சொன்னது சரி. எழுதிறபோது "பே"யா "Bபே"யா எண்டு குழம்பாதேங்கோ, அந்த வாளி எழுத்து எங்கட "ப" மாதிரித்தான். சொல்லின்ர முதலில வந்தா ஒரு சத்தம், நடுவில வந்தா மெதுவான சத்தம், எழுத்து ஒண்டுதான்.

ஆனா அக்கா, இதைத் தமிழில எப்பிடிச் சொல்லுறது எண்டு தேடவே தேவையில்லை. பூனையின்ர "வண்டிக்கு மேல" எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். எங்களுக்கு வண்டி எண்டா வயிறும்தான். சென்னையில இருக்கிற என்ட மச்சாள் அதை வாசிச்சா, வள்ளத்துக்குள்ள வண்டி எப்பிடி வந்தது எண்டு கேப்பாள். அதே பகிடிதான். பூனையை மாட்டுவண்டியில ஏத்தி, பேரிக்காய்க்குப் பதிலா ஒரு வண்டைப் பிடிச்சு வையுங்கோ: வண்டிக்கு மேல வண்டி, வண்டிக்கு மேல வண்டு. கடைசி எழுத்துக் கொஞ்சம் களவுதான்.

திருக்கடலூர்க்காரி:
வண்டிக் கதையைச் சொன்ன உடன அம்மாவுக்கு விளங்கிட்டுது. சிரிச்சுப்போட்டு, ராத்திரி நித்திரை கெடுத்ததுக்கு எனக்குத்தான் பேச்சு.

நானா, உங்கட "பே கோபா"வை அம்மா பாடமாக்கி அவனுக்குக் குரல் பதிவு அனுப்பினவ. இப்பதான் பதில் வந்தது: "வள்ளத்துக்கு ஒண்டுமில்லையம்மா, நல்லா ஓடுது."