மணிக்குவளையா, மணிமுகவையா? ஒரு கலைச்சொல் இழை

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பியத் தொல்வரலாறு பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘பெல் பீக்கர்’ பண்பாடு என்று ஒன்று. கி.மு. 2800-ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ கி.மு. 1800 வரை நீடித்தது. போர்ச்சுகலின் தேஜோ ஆற்றுப் பக்கம் தொடங்கி கிழக்கே ஹங்கேரி, வடக்கே ஸ்காட்லாந்து, தெற்கே சிசிலி வரை இதன் தடயம் கிடைக்கிறது. அரசன் பெயரோ ஊர்ப் பெயரோ மொழிப் பெயரோ நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது கல்லறையில் பிணத்தோடு வைத்த ஒரு மண் ஏனம்தான். கோயில் மணியைத் தலைகீழாக நிறுத்தியது போல இருக்கும். அதையே அந்த மக்களுக்கும் பெயராக வைத்துவிட்டார்கள்.

1900-இல் ஜெர்மானிய ஆய்வாளர் பால் ரைனெக்கே ‘குளோக்கன்பெக்கர்’ என்றார்; குளோக்கே என்றால் மணி, பெக்கர் என்றால் குடிக்கும் குவளை. நான் நேராக ‘மணிக்குவளை’, ‘மணிக்குவளை மக்கள்’ என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு ஏனோ உறுத்துகிறது. பெரியவர்கள் சொல்லவும்.

கோவையிலிருந்து, அன்புடன்.

———

தம்பிக்கு வாழ்த்து.

உறுத்தியது நல்லதுதான். மணிக்குவளை என்று சொல்லிப் பாருங்கள். பழந்தமிழில் மணி என்றால் நீலமணி. குவளை என்றால் நீலப் பூ. இரண்டையும் சேர்த்துவிட்டால், தமிழ் படித்தவன் நேரே குளத்தங்கரைக்குப் போய்விடுவான். நீங்கள் அவனை இடுகாட்டுக்கு அழைத்துப்போகப் பார்க்கிறீர்கள்! முப்பத்தோரு ஆண்டு வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், ஒரு பையனாவது ‘நீலமணி போன்ற குவளை மலர், உவமைத்தொகை’ என்று இலக்கணக் குறிப்பு எழுதுவான். அவனுக்கு மதிப்பெண் போடாமலும் இருக்க முடியாது.

பள்ளி அறிவியல் பாடநூலில் பீக்கருக்கு ‘முகவை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. முகத்தல் என்ற வினையிலிருந்து வந்த அழகான சொல். ‘மணிமுகவை’ என்று வைத்தால் என்ன?

ஓய்வு பெற்ற தமிழாசிரியன்.

———

ஐயா, மன்னிக்கணும். நான் இராமநாதபுரத்துக்காரன். எங்கள் ஊரைச் சுருக்கி முகவை என்றுதான் சுவரொட்டியெல்லாம் சொல்லும். மணிமுகவை என்றால் எவரோ மணி என்ற முகவைக்காரர் கவிஞராகப் புனைபெயர் வைத்துக்கொண்டது போல இருக்கிறது.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்வதானால், முகவை என்றதும் மாணவனுக்குத் தோன்றுவது கண்ணாடி, வாயோரத்தில் ஒரு மூக்கு, பக்கத்தில் மில்லிலிட்டர் கோடு. ஆங்கிலத்தில் பீக்கர் முதலில் குடிக்கும் பாத்திரம். ஆய்வகத்துக்குப் போனது பிறகு. முகவை என்று போட்டால் பேரனின் பெயரைத் தாத்தாவுக்கு வைத்த கதையாகிவிடும்.

———

எல்லோருக்கும் வணக்கம். பொதுவாக நான் இங்கே படிப்பதோடு சரி. இது மண்பாண்டம் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. எங்களுடையது மானாமதுரையில் பானை வனைந்த குடும்பம். அப்பா காலத்தோடு எங்கள் வீட்டுச் சக்கரம் நின்றுவிட்டது, நான் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஏனத்தைப் பார்த்தால் கை முதலில் அடியைத்தான் தடவும்.

இணையத்தில் இந்த ‘பெல் பீக்கர்’ படங்களை இரண்டு மணி நேரம் பார்த்தேன். வயிறு கொஞ்சம் உப்பி, கழுத்தில் உள்வாங்கி, வாய் வெளியே விரிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு வளைவு. மூக்கு இல்லை, பெரும்பாலானவற்றில் பிடியும் இல்லை. வாயிலிருந்து அடிவரை வட்டம் வட்டமாகப் பட்டைகள். ஈர மண்ணில் சீப்பு மாதிரி பல் வைத்த கருவியை அழுத்தியிருக்கிறார்கள், சிலவற்றில் முறுக்கிய கயிற்றைச் சுற்றி அழுத்தியிருக்கிறார்கள். சிலவற்றில் அந்தக் கோட்டுக்குள் வெள்ளைச் சாந்து அப்பியிருக்கிறது. சிவந்த மண்ணில் வெள்ளைக் கோடு எடுப்பாகத்தான் இருந்திருக்கும். இத்தனையும் சக்கரம் இல்லாமல் கையால் திரித்து ஏற்றியவை. சுவர் அவ்வளவு மெல்லிசு. அப்பா பார்த்திருந்தால் “கை தெரிந்தவன்” என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்.

பெயர்க் கதைக்கு வருகிறேன். நம்மிடம் சிறு பாத்திரத்துக்குப் பெயர் பஞ்சமா? கலயம், முட்டி, மொந்தை, தோண்டி என்று எத்தனையோ. முதலில் ‘மணிமொந்தை’ என்று போடலாம் என்றுகூட நினைத்தேன், கள்ளும் நினைவுக்கு வரும். ஆனால் நம் ஏனம் எல்லாம் உருண்ட அடி. அடுப்புக் கல்லில் உட்காரும், இடுப்பில் உட்காரும், தரையில் வைக்கப் பிரிமணை வேண்டும். அந்த ஏனத்துக்குப் பெரும்பாலும் தட்டை அடி, தானாக நிற்கும். கலயம் என்றோ மொந்தை என்றோ சொன்னால் படிப்பவர் மனசில் பிரிமணை தேடுகிற ஏனம் வந்துவிடும். அதனால் நம் ஏனத்தின் பெயர் எதையும் கடன் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொதுவாகக் ‘கலம்’ என்று விடுங்கள். புறநானூற்றிலேயே குயவரைக் ‘கலம்செய் கோ’ என்றுதானே கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. தனிமடலில் ஒருவர் ‘கவிழ்மணிக் கலம்’ என்று அனுப்பியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மணி எப்போதும் வாய் கீழே இருக்கத்தான் தொங்குகிறது. கவிழ்ந்த மணி என்றால் அது வெறும் மணிதான். கவிழ்ந்த கலம் என்றால் உள்ளே இருந்தது கொட்டிப்போனது. இங்கே நிமிர்ந்து நிற்பதுதான் விஷயமே.

———

அக்காவின் மடலை இரண்டு தரம் வாசித்தேன். பிரிமணை விசயம் எனக்குத் தோன்றியிராது. எங்கட பக்கம் கள்ளு முட்டியில் இறங்கும், பனையோலைப் பிளாவில் குடிபடும். இறக்க ஒன்று, குடிக்க ஒன்று.

அங்கேதான் எனக்குக் ‘குவளை’யில் தயக்கம். குவளை என்றால் குடிக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த ஏனத்தை எல்லாரும் எப்போதும் குடிக்கத்தான் வைத்திருந்தார்களா? ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பகுதியில் ஆஷ்குரோவ் என்ற இடத்துக் கல்லறையில் லிண்டன் மரப்பூவின் மகரந்தமும் மெடோஸ்வீட் பூவின் மகரந்தமும் கிடைத்தன. தேன் மது வைத்திருப்பார்கள் என்று ஆய்வாளர் கருதினார்கள். சரி, அது குடி. ஆனால் ஸ்பெயினில் இதே வகை ஏனம் சிலவற்றில் செம்புத் தாது உருக்கியிருக்கிறார்கள். வேறு சில இடங்களில் எரித்த எலும்பை இட்டிருக்கிறார்கள். கைக்கு அடங்குகிறதும் உண்டு, ஒருவர் தனியாகக் குடித்துத் தீர்க்க முடியாத பெரிசும் உண்டு. ஹங்கேரிக்காரர் தங்கள் மொழியில் ‘மணிப் பாத்திரம்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், குவளை என்று கட்டாயப்படுத்தவில்லை. பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், ‘கம்பனிஃபோர்ம்’, அதாவது ‘மணிவடிவம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே ‘கலம்’ என்ற பக்கமே என் கை.

ஆனால் பாத்திரத்தை விடப் பெரிய சிக்கல் அடுத்த சொல்லில்தான் இருக்கிறது. அண்ணை ‘மக்கள்’ என்று எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஒரே பாத்திரம் எங்கெங்கே கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஒரே கூட்டம் குதிரையும் குத்துவாளுமாகத் திரிந்தது என்று படம் வரைந்தார்கள். பிறகு அடுத்த தலைமுறை ஆய்வாளர் “பானை வேறு, மனிதர் வேறு” என்று பல்லவி பாடத் தொடங்கினார்கள். பாத்திரம் பரவுவதற்கு ஆள் பரவத் தேவையில்லை. பழக்கம் பரவினால் போதும், சந்தையில் பார்த்து ஆசைப்பட்டாலும் போதும் என்றார்கள்.

2018-இல் ‘நேச்சர்’ இதழில் பெரிய மரபணு ஆய்வு ஒன்று வந்தது. 400 தொல்மனிதரின் மரபணுக்களைப் பார்த்தார்கள், அதில் 226 பேர் இந்தக் கலத்தோடு தொடர்புள்ள புதைகுழிகளைச் சேர்ந்தவர்கள். பதில் இரண்டு பக்கத்தாரையும் பாதிப் பாதி அவமானப்படுத்தியது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தில் இந்தக் கலத்தோடு புதைந்தவர்களுக்கும் நடு ஐரோப்பாவில் அதே கலத்தோடு புதைந்தவர்களுக்கும் இரத்த உறவு பெரிதாக இல்லை. கலம் போயிருக்கிறது, ஆள் போகவில்லை. பிரித்தானியாவில் நேர்மாறு. கலம் கரையிறங்கிய சில நூற்றாண்டுக்குள் அந்தத் தீவின் மரபணுவில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாறிவிட்டது. அங்கே ஆளே வந்து குடியேறியிருக்கிறான்.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பெருங்கல் வட்டத்துக்குப் பக்கத்தில் ஏம்ஸ்பரியில் 2002-இல் ஒரு வில்லாளியின் புதைகுழி கிடைத்தது. கி.மு. 2300-ஐ ஒட்டியது. அவனோடு இந்தக் கலம் ஐந்து, செம்புக் கத்தி மூன்று, தங்க அணி ஒரு சோடி, நாண் அடிபடாமல் மணிக்கட்டில் கட்டும் கல் பட்டை, அம்பு முனைகள். பல்லை ஆராய்ந்தால் அவன் வளர்ந்தது ஆல்ப்ஸ் மலைப்பக்கம் என்று தெரிகிறது. அவனைக் ‘கலத்தோடு வந்தவன்’ என்றால் பொருந்தும். லிஸ்பன் பக்கத்து ஆளை அப்படிச் சொன்னால் பொருந்தாது. இரண்டு பேரையும் ‘மணிக்குவளை மக்கள்’ என்று ஒரு சாக்கில் கட்டினால், தமிழில் வாசிக்கிறவர் அடுத்த வரியிலேயே ‘மணிக்குவளை இனம்’ என்று எழுதிவிடுவார். அந்தப் பழக்கம் நமக்கு இருக்கிறது. மறைத்துப் பயனில்லை.

———

யாழ்ப்பாணத்து அன்பர் சொன்னதற்கு ஒரு சிறு ஒட்டு. நம்மூர் அகழ்வாய்வில் கருப்பு-சிவப்பு மட்கலம் கிடைக்காத இடமே அரிது. அதற்காக யாராவது ‘கருப்பு-சிவப்பு மக்கள்’ என்கிறோமா? சொன்னால் கட்சிக்காரர் என்று நினைப்பார்கள். நாம் கலத்தைக் கலமாகவே வைத்துக்கொண்டோம். அங்கே மட்டும் எதற்கு மக்கள்?

இன்னும் வேடிக்கை, நம்மிடம் ‘முதுமக்கள் தாழி’ இருக்கிறது. மக்களின் பெயரால் தாழியை அழைத்தோம். அவர்கள் கலத்தின் பெயரால் மக்களை அழைத்தார்கள். இடுகாடும் மண்கலமும் இரண்டிலும் பொது.

இராமநாதபுரத்தான்.

———

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் அசைபோட்டதில் நான் வந்து நின்ற இடத்தைச் சொல்கிறேன்.

‘மணி’ தனியாக நின்றால் ஐயா சொன்ன சிக்கல் தீராது. நீலமும் வரும், பாசிமணியும் வரும், கடிகாரமும் வரும். ‘மணியுரு’ என்று பார்த்தேன், அதிலும் பாசிமணி ஒட்டிக்கொண்டே வருகிறது. புள்ளியியலில் ‘மணிவடிவ வளைவரை’ என்று படித்திருக்கிறோம். மணிவடிவப் பூ என்றும் சொல்கிறோம். ‘மணிவடிவ’ என்றதும் தொங்கும் மணிதான் கண்ணில் வருகிறது. அழகு கொஞ்சம் குறைவு, குழப்பம் நிறையக் குறைவு. கலத்துக்கு அக்கா சொன்னபடி கலம். ஆக ‘மணிவடிவக் கலம்’. பண்பாட்டுக்கு ‘மணிவடிவக் கலப் பண்பாடு’.

மக்களைச் சொல்லியே ஆகவேண்டிய இடங்களில் ‘மணிவடிவக் கலம் புழங்கியோர்’ என்று எழுதப் போகிறேன். புழங்கியோர் என்றால் வந்தவரும் அடங்குவார், வாங்கியவரும் அடங்குவார். இப்போதைய ஆய்வாளர்கள் பண்பாடு என்ற சொல்லையும் தவிர்த்து, கலம், குத்துவாள், மணிக்கட்டுப் பட்டை, பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுதியாகப் பேசுகிறார்கள். ‘மணிவடிவக் கலத் தொகுதி’ என்று எழுதிப் பார்த்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “யார் கல்யாணத்துக்குச் சீர்?” என்று கேட்டாள். அதனால் பண்பாடு என்றே விட்டு, முதல் பக்கத்தில் ஒரு விளக்கம் கொடுத்துவிடுகிறேன்.

இந்த வார்ப்பில் அடுத்தவையும் விழும் என்று நினைக்கிறேன். கயிற்றைச் சுற்றி அழுத்திய ஏனத்தால் பெயர் பெற்ற இன்னொரு ஐரோப்பியப் பண்பாடு உண்டு, அதற்குக் ‘கயிற்றுத்தடக் கலப் பண்பாடு’. ஜப்பானின் ஜோமோன் என்ற பெயருக்கும் கயிற்றுத் தடம் என்பதுதான் பொருள். அது உலகறிந்த பெயராகிவிட்டதால் ஜோமோன் என்றே விடலாம். ஐரோப்பாவில் அந்த இரண்டு பண்பாட்டுக்கும் முந்தியது ஒன்று, வடக்கு ஐரோப்பாவின் முதல் உழவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது. எண்ணெய் ஊற்ற வைப்பதை ஆங்கிலத்தில் ஃபனல் என்கிறோமே, அதன் கலம் அது போல வாய் விரிந்தது. அதைப் ‘புனல்வடிவக் கலம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து.

———

தம்பி,

மணிவடிவக் கலம் சரி. புழங்கியோர் மிகச் சரி, எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இருக்கிறது.

புனல்வடிவக் கலம் மட்டும் வேண்டாம். புனல் என்றால் தண்ணீர். தண்ணீருக்கு ஏதப்பா வடிவம்? ஊற்றி வைத்த கலத்தின் வடிவம்தானே அதற்கு! ஃபனலுக்கு ‘வைத்தூற்றி’ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. எண்ணெய்க் கடையில் கேட்டுப் பாருங்கள்.