தஞ்சாவூரா, கும்பகோணமா, திருச்சியா: தொழில்முறை குத்துச்சண்டைக்கு இடம் பார்ப்பது எப்படி?

வெண்ணாறு (கேள்வி):
டெல்டாவில் தொழில்முறை குத்துச்சண்டை ஒரு சனிக்கிழமை இரவு நடத்துவதாகத் திட்டம். ஆறு பவுட், அதாவது ஆறு சண்டை. நாலு ரவுண்டு மூன்று, ஆறு ரவுண்டு இரண்டு, கடைசியில் எட்டு ரவுண்டு ஒன்று. இடம்தான் முடிவாகவில்லை. ஒன்று, திருச்சியில் பெரிய உள்ளரங்கம். இரண்டு, தஞ்சாவூரில் 60க்கு 100 அடி கல்யாண மண்டபம். மூன்று, கும்பகோணம் பக்கம் திறந்த திடல், கபடிக்குக் கட்டுவது போல நாலு பக்கமும் கேலரி. "பெரிய இடம் எடுத்தால்தான் பேர் வரும்" என்கிறது ஸ்பான்சர் தரப்பு. ஒரு நாள் கூட்டம் பெரிதல்ல, இந்த ஆட்டம் ஊரில் ஊன்ற வேண்டும். அதற்கு எந்த இடம், எந்த மாதம்? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

மணியடி:
பெரிய இடம் பேரைத் தரும், ஆளைத் தராது. 1980இல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். இன்னமும் அதைப் பேசுகிறோம். ஆனால் அந்தக் கூட்டத்தை மறுபடி மறுபடி அழைத்து உட்கார வைக்க ஒரு நிலையான அரங்கம் அமையவில்லை. டோக்கியோவில் கொராகுவென் ஹால் இருக்கிறது, 1962இல் திறந்தது, ஏறக்குறைய 2,000 பேர் கொள்ளும். லண்டனில் யார்க் ஹால், 1929இல் பொதுக் குளியல் நிலையமாகக் கட்டியது, 1,200 பேர். இரண்டுமே பெரிய இடமில்லை. நாலு ரவுண்டு புதுப் பையன் இறங்குவதும் அங்கேதான், நாட்டுப் பட்டத்துக்கு மோதுவதும் அங்கேதான். ஒருவனை முதல் சண்டையிலிருந்து பார்த்துவருகிற ஜனம் அவன் பட்டத்துக்குப் போகும்போது கூடவே போகும். குத்துச்சண்டைக்கு ரசிகர் சேருவது இப்படித்தான்.

நம் நாட்டு உதாரணம் விஜேந்தர் சிங். 2016 ஜூலையில் டெல்லி தியாகராஜ் அரங்கம், 2017 ஆகஸ்டில் மும்பை, அதே டிசம்பரில் ஜெய்ப்பூர், 2021 மார்ச்சில் கோவாவில் ஒரு கேசினோ கப்பலின் மேல்தளம், 2022இல் ராய்ப்பூர். ஒவ்வொன்றும் செய்தியானது. எந்த ஊரிலும் "அடுத்த பவுட் எப்போது?" என்று கேட்க ஒரு கூட்டம் சேர்வதற்குள் மேடை வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆட்டக்காரர் மேல் குறையே இல்லை, இடத் தேர்வில்தான் குறை என்பது என் கணிப்பு.

பணத்துக்காக இடம் மாற்றுவது இன்னொரு ரகம். லாஸ் வேகாஸில் கேசினோக்காரர் தன் இடத்தில் நடத்துவதற்கே பணம் கொடுத்துச் சண்டையை வாங்குவார், டிக்கெட் பெரிய சூதாட்ட வாடிக்கையாளருக்குப் போகும். 2015 மே 2 மேவெதர்-பாக்கியாவ் சண்டைக்கு வாசல் வசூல் மட்டும் 7 கோடி டாலரைத் தாண்டியது. பொது விற்பனைக்கு வந்த சீட்டு மிகச் சொற்பம். இங்கிலாந்தின் ஆண்டனி ஜோஷுவா 2013இல் லண்டன் ஓ2 அரங்கில் தொழிலில் இறங்கி, 2017 ஏப்ரலில் கிளிட்ச்கோவோடு வெம்ப்ளியில் மோதியபோது 90,000 பேர். 2019 டிசம்பரில் ரூயிஸோடு மறுசண்டை சவுதியின் திரியாவுக்குப் போனது. பணம் வந்தது, அவர் ஊர் ஜனம் டிவியில் பார்த்தது.

உள்ளூர்க்காரன் இறங்கினால் நேரம்கூடத் தடை இல்லை. 2005 ஜூனில் மான்செஸ்டரில் ரிக்கி ஹாட்டன், கோஸ்த்யா ஜூவோடு மோதியது அமெரிக்க டிவிக்காக ராத்திரி 2 மணிக்கு. 22,000 பேர் கண்விழித்து உட்கார்ந்திருந்தார்கள். 2017 ஜூலையில் பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்ன் என்ற உள்ளூர் ஆள் பாக்கியாவை எதிர்கொண்டார், 51,000 பேர்.

ஆகவே அண்ணே, உங்கள் 12 ஆட்டக்காரர்களின் ஊரை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். யார் வீட்டுச் சனம், யார் தெருப் பையன்கள் ஒரு மணி நேர பஸ்ஸில் வந்து திரும்ப முடியுமோ, அந்த இடத்துக்கு நடுவில் மேடை போடுங்கள். சின்ன ஹால் நிகழ்ச்சிகளில் சீட்டை விற்பதே ஆட்டக்காரர்தான். ஆளுக்கு 30 சீட்டு போனாலே 360. கும்பகோணத்துப் பையனின் கூட்டம் தஞ்சாவூர் வரும். திருச்சிக்கு வந்தால் பாதி குறையும். என் ஓட்டு தஞ்சாவூர் மண்டபத்துக்கு, அதுவும் வருஷத்தில் நாலு தடவை, அதே இடத்தில்.

சாரக்கட்டு:
மணியடி அண்ணன் சொன்ன மண்டபத்துக்குக் கணக்கு போடுகிறேன். கயிற்றுக்கு உள்ளே 20 அடி ரிங் என்றால் வெளி ஓரம் பக்கத்துக்கு 2 அடி சேர்த்து மேடை 24 அடி. அதைச் சுற்றி ஜட்ஜ் மேஜை, டாக்டர், கார்னர் ஆட்கள் (மூலையில் நின்று ஆட்டக்காரரைக் கவனிப்பவர்கள்) நடமாட நாலு பக்கமும் 6 அடி விட வேண்டும். ஆக 36க்கு 36, அதாவது 1,296 சதுர அடி. 60க்கு 100 மண்டபத்தில் மிச்சம் 4,704. நடைபாதையோடு ஒரு நாற்காலிக்கு 8 சதுர அடி வைத்தால் 588 பேர். வாசல், ஆட்டக்காரர் வரும் வழி கழித்து 520 என்று சீட்டு அடியுங்கள்.

மண்டபத்தை நேரில் பார்க்கும்போது டேப்போடு போய் மூன்று விஷயத்தை அளக்கவும். முதலில் நடுவில் தூண் இருக்கிறதா என்று பார்க்கணும். இருந்தால் அந்த மண்டபமே வேண்டாம், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் மறுதடவை வர மாட்டார். இரண்டாவது கூரை. மேடை மூன்றரை அடி, அதற்கு மேல் விளக்குச் சட்டம் கான்வாஸிலிருந்து (ரிங் தரையில் விரிக்கும் துணி) 16 அடியாவது இருந்தால்தான் ஆட்டக்காரர் கண்ணில் கூசாது, ஆகக் கூரை 20 அடிக்குக் குறையக் கூடாது. ஃபால்ஸ் சீலிங், தொங்கு சரவிளக்கு இருந்தால் அதற்குக் கீழே அளக்கவும். மூன்றாவது தரை. ரிங்கின் எடை கால்கள் வழியாகத்தான் இறங்கும். கிரானைட், டைல்ஸ் உடையாமல் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்றரை இன்ச் பலகை போட வேண்டும். முதல் மாடி மண்டபம் என்றால் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் ரிங் ஏற்றாதீர்கள்.

பார்வை மறைப்பதுதான் மண்டபத்தில் பெரிய தொல்லை. எல்லா நாற்காலியும் சமதரையில் இருந்தால் ஏழெட்டு வரிசைக்குப் பின்னால் முன் தலைகள் ரிங்கை மறைக்கும். ஜனம் எழுந்து நிற்கும், அதற்குப் பின்னால் இருப்பவர் நாற்காலி மேலே ஏறுவார். ஏழாவது வரிசையிலிருந்து வரிசைக்கு 8 இன்ச் உயரம் கூட்டிப் பலகை மேடை கட்டினால் போதும். ஜல்லிக்கட்டுக்குக் கேலரி கட்டும் ஆட்களுக்கே இந்த வேலை கைவந்தது, சவுக்குக் கட்டையில் ஒரு நாளில் முடிப்பார்கள். குறுக்குக் கட்டு விடாமல் கட்டச் சொல்லுங்கள். பவுட் சூடாகும்போது 200 பேர் ஒரே நேரத்தில் குதிப்பதால் சுமை கீழ்நோக்கி மட்டும் வராது, பக்கவாட்டிலும் ஆடும்.

வாடகை விஷயம்: ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, மண்டபம் சும்மா கிடக்கும். பேசினால் குறையும். முந்தின நாள் மாலையே உள்ளே போகவும் விடுவார்கள், ரிங் பூட்டிக் கயிற்றை டர்ன்பக்கிளில் (முறுக்கி இறுக்கும் கொக்கி) இழுத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டு மறுபடி இறுக்கலாம். புதுக் கயிறு முதல் நாள் தொய்யும்.

காவேரிப்பட்டினம்_கபடி:
எல்லாரும் மண்டபம் என்கிறீர்கள். இங்கே ராத்திரி கபடிக்கு எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். காரணம் திடல், இலவசம், வீட்டிலிருந்து நடந்து வரும் தூரம். கல்யாண மண்டபத்து வாசலில் சீட்டுக் கேட்டால் கூலி வேலை முடித்து வருகிறவர் உள்ளே நுழையவே தயங்குவார். புதிய ஆட்டத்தை மக்கள் முதலில் பார்க்கட்டும், பிறகு சீட்டு விற்கலாம். மாசியில் சம்பா அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும், வயலும் காய்ந்திருக்கும். திடல்தான் சரி.

குறுவை:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் சனத்துக்கு நாலு பக்கமும் நின்று பார்த்துத்தான் பழக்கம். ஆனால் கபடி மண்ணில், குத்துச்சண்டை கான்வாஸில். அந்த வித்தியாசத்தை மாதம் மாதமாகப் பார்க்கணும்.

ஐப்பசி, கார்த்திகையில் திடல் பக்கமே போகாதீர்கள். மழையை விடுங்கள், மழை இல்லாத இரவில் பச்சைப் பூச்சி வரும். தீபாவளி சமயத்தில் தெருவிளக்கைச் சுற்றிப் பச்சையாகக் கொட்டுமே, நெல் வயலின் தத்துப்பூச்சி, அதேதான். ஊரிலேயே பிரகாசமான விளக்கு ரிங் மேலே எரியும்போது மொத்தப் பூச்சியும் அங்கே வரும். கான்வாஸில் விழுந்ததை ஷூ நசுக்கும், கார்னரில் சிந்திய தண்ணீரோடு சேர்ந்து வழவழவென்று பசையாகும். பின்காலை ஊன்றி வலது கைக் குத்துப் போடும்போது கால் வழுக்கினால் கணுக்கால் போகும். வழுக்கி விழுந்ததா, அடிவாங்கி விழுந்ததா என்று நடுவருக்கும் தகராறு வரும். கண்ணில், மூக்கில் விழுவது வேறு.

மாசியில் பூச்சி குறையும், பனி இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கான்வாஸில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் ஈரம் ஒட்டும். மேலே பந்தல் போட்டால் பனி நேராக இறங்காது, ஆனால் பந்தல் உயரம் 20 அடிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு பவுட்டுக்கும் நடுவில் இரண்டு ஆள் உலர்ந்த பெரிய துண்டோடு நாலு மூலையையும் துடைக்க வேண்டும். நம் வண்டல் களிமண்ணில் ரிங்கின் கால் ஒன்று அரை இன்ச் இறங்கினாலே ஒரு பக்கக் கயிறு தொய்ந்துவிடும், ஆகவே காலுக்கு அடியில் இரண்டடிக்கு இரண்டடி இரும்புத் தகடு. ஆடியில் திடல் வேண்டாம், காற்று பந்தலைத் தூக்கும்.

பொழுதும் கணக்குதான். வெண்ணாறு அண்ணன் சொன்ன ஆறு பவுட்டும் முழுத் தூரம் போனால், ரவுண்டுக்கு 3 நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு என்று வைத்து, நாலு ரவுண்டு 15 நிமிஷம் வீதம் 45, ஆறு ரவுண்டு 23 வீதம் 46, எட்டு ரவுண்டு 31, மொத்தம் 122 நிமிஷம். அறிமுகம், முடிவு, துடைப்பு என்று பவுட்டுக்குப் பத்து சேர்த்தால் மூன்று மணி நேரம். ஆறுக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முடியும், கடைசி டவுன் பஸ் கிடைக்கும். திறந்த இடத்தில் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகச் சட்டமே இடம் தராது. எட்டு மணிக்குத் தலைவர்கள் பேச்சு என்று மேடையில் ஏற்றினால் கடைசி பவுட் காலி நாற்காலிக்கு நடக்கும். பேச்சை முதல் பவுட்டுக்கு முன்னால் வைத்து முடித்துவிடுங்கள்.

மணியடி:
கபடித் தம்பிக்கு: இலவசக் கூட்டம் வரும், நிஜம்தான். அது பவுட்டுக்கு வந்ததா, திருவிழாவுக்கு வந்ததா என்று தெரியாது. 50 ரூபாய் கொடுத்து நின்று பார்க்க 100 பேருக்கு மண்டபத்தின் பின்னால் இடம் ஒதுக்கினால் நீங்கள் சொல்கிற ஆட்களும் வருவார்கள், எண்ணிக்கையும் கையில் இருக்கும். எடை பார்க்கும் சடங்கை முந்தின நாள் மாலை திடலில் இலவசமாக வையுங்கள், இரண்டு பேர் பயிற்சிப் பேடில் குத்திக் காட்டட்டும்.

முதலுதவி:
எல்லாரும் கூட்டத்தைப் பேசினீர்கள். இடத்தைத் தீர்மானிப்பது வேறு ஒன்று. தலையில் அடிபட்டு மூளையைச் சுற்றி ரத்தம் கட்டினால் நிமிஷக் கணக்குதான். 1991 செப்டம்பரில் லண்டன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் யூபாங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன் சரிந்தார். ரிங் பக்கத்தில் உயிர்காக்கும் ஏற்பாடு இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவு இல்லை, அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். அவர் பிழைத்தார், ஆனால் நடக்கவே பல வருஷம் ஆயிற்று. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆகவே இடத்திலிருந்து ராத்திரி வேளையில் சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை மருத்துவரும் இருக்கிற மருத்துவமனைக்கு எத்தனை நிமிஷம் என்று, நிகழ்ச்சி நடக்கப்போகிற கிழமை, நேரத்திலேயே வண்டியில் போய்ப் பாருங்கள். 20 நிமிஷத்துக்கு மேல் ஆனால் அந்தத் திடலை விட்டுவிடுங்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், சனிக்கிழமை சாயங்காலம் அந்த ரோட்டில் ஒரு மணி நேரம் போகும். மருத்துவமனைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, யார் டூட்டி என்று பேர் வாங்குங்கள். ஆம்புலன்ஸ் இரண்டு: ஒன்று நோயாளியோடு கிளம்பிவிட்டால் இரண்டாவது வந்து நிற்கும்வரை பவுட் நிறுத்தம். ரிங்கிலிருந்து ஆம்புலன்ஸ் கதவு வரை ஸ்ட்ரெச்சர் திரும்ப ஐந்தடி அகலப் பாதை, அங்கே நாற்காலி, பைக் எதுவும் கூடாது.

வெண்ணாறு:
கும்பகோணத் திடலை எடுத்துவிட்டேன். தஞ்சாவூர் மண்டபம், ஆடியில் முதல் நிகழ்ச்சி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. யூடியூபில் நேரலை போடலாமா? 520 பேர்தான் என்றால் படத்தில் காலியாகத் தெரியாதா?

மணியடி:
தெரியாது, உட்கார வைக்கும் விதம் இருக்கிறது. முக்கிய கேமராவை ஒரு பக்கம் 8 அடி மேடையில் வையுங்கள். அது காட்டுவது எதிர்ப்பக்கக் கூட்டத்தை மட்டும்தான், ஆக அந்தப் பக்கச் சீட்டை முதலில் விற்றுத் தீருங்கள், இலவசப் பாஸ் கொடுப்பதும் அங்கேயே. கேமராவுக்கு முதுகு காட்டும் பக்கம் கடைசியில் நிறையட்டும். 2025 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பொதுமக்களுக்குச் சீட்டே விற்காமல் குத்துச்சண்டை நடத்தினார்கள். படம் பிரமாதம், சத்தம் இல்லை, பவுட்டும் மந்தம். ஆகவே கூட்டத்தின் சத்தத்துக்குத் தனி மைக் இரண்டு, ரிங் மணிக்கு ஒன்று.

வாடகை எல்.இ.டி. விளக்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கேமராவில் பட்டை பட்டையாகத் துடிக்கும். கேமரா ஷட்டரை நொடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு வைத்து, நிகழ்ச்சிக்கு முந்தின இரவு ஜெனரேட்டரில் ஓட்டியும் ஒருமுறை படம் பிடித்துப் பாருங்கள். லைனில் சரியாக இருப்பது ஜெனரேட்டரில் துடிப்பது உண்டு.