நெப்ராஸ்கா பண்ணைக் கதைகளில் சலவை நாள்

1880களின் அமெரிக்கச் சமவெளி மாநிலங்களான நெப்ராஸ்கா, கேன்சஸ் பக்கம் கதை எழுதுகிறவர்கள் துணி துவைப்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். குடியேறிகளுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயதான கல்யாணமாகாத பெண்ணும் அன்று தன் பெயரில் 160 ஏக்கர் கேட்க முடிந்தது. அப்படித் தனியே குடியேறியவளுக்குத் திங்கள்கிழமை முழுக்கத் துணி துவைக்கவே போய்விடும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு துவைப்பு, ஒரு கொதிப்பு, ஒரு அலசல், இதற்கே சுமார் 50 கேலன், கிட்டத்தட்ட 190 லிட்டர். வாளி வாளியாக உள்ளே வரணும், அழுக்குத் தண்ணீராக வெளியேயும் போகணும். வெள்ளைத்துணி முந்தின ராத்திரியே ஊறும். வெள்ளை முதலில், பிறகு சாயத்துணி, கடைசியில் வயல் உடுப்பு. பெரும்பாலும் எல்லாம் ஒரே தண்ணீரில்தான்! பலகையில் தேய்த்து, சோப்பைச் சீவிப் போட்டுக் கொதிக்கவைத்து, கட்டையால் கிளறி, அலசி, நீலம் போட்டுப் பிழியணும். மரமில்லாத சமவெளியில் எரிபொருள் முறுக்கிய வைக்கோலும் காய்ந்த சாணமும். வைக்கோல் சட்டென்று எரிந்துவிடும், அடுப்பை விட்டு நகர முடியாது.

*

சோப்பிலும் நிறையப் பேர் தவறுகிறார்கள். சாம்பல்நீரும் கொழுப்பும் சேர்ந்தால் கட்டிச் சோப்பு வராது. மரச்சாம்பலில் இறங்குவது பொட்டாஷ். கிடைப்பது பழுப்புக் கூழ், அகப்பையில் எடுத்துப் போடுவார்கள். கட்டியாகணும் என்றால் உப்பு சேர்க்கணும். விறகே கிடைக்காத ஊரில் கடையில் வாங்கிய டப்பாக் காரம், அதாவது காஸ்டிக் சோடாதான் பொருந்தும். அளவு: காரம் 370 கிராம், தண்ணீர் 1.2 லிட்டர், உருக்கிய கொழுப்பு 2.7 கிலோ. காரத்தைத்தான் தண்ணீரில் போடணும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். உப்புக்கண்டக் கொழுப்பை முதலில் தண்ணீரில் காய்ச்சி உப்பை எடுக்காவிட்டால் சோப்பு திரிந்து பிரிந்துபோகும்.

*

கிணற்றுநீர் கடினமானால் இவ்வளவு சோப்பும் வீண், துணியில் வெள்ளைத் திப்பியாக ஒட்டும். அதனால் முதலில் கொஞ்சம் காரமோ சலவைச் சோடாவோ போட்டு, மேலே திரளும் ஏட்டை வழித்தெறிவார்கள். கூரையோரம் மழைநீர்ப் பீப்பாய் வைத்ததும் இதற்காகத்தான். ஜனவரிக் காட்சியானால் கொடியில் உள்ள துணி பலகையாக உறைந்திருக்கும். அப்படியே மடக்கினால் நூல் முறியும், விறைப்போடு உள்ளே கொண்டுவந்துதான் இளகவிடணும்.