வாடகைக்கு எடுத்த படத்தைப் பதிவு செய்யவும் முடியவில்லை, முழுதாகப் பார்க்கவும் முடியவில்லை

கேள்வி: குடமுருட்டிக்கரை

ஐயம்பேட்டைக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தந்தைக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தஞ்சாவூர் வரை சென்று திரையரங்கில் இரண்டரை மணி நேரம் அமர அவரால் இயலாது என்பதால், அவர் பார்க்க ஆசைப்பட்ட ஒரு புதிய படத்தை இணையவழிச் சேவை ஒன்றில் 149 ரூபாய் கொடுத்து வாடகைக்கு எடுத்துத் தொலைக்காட்சியில் போட்டுக்கொடுத்தேன். வாடகை எடுத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பார்க்கத் தொடங்கலாம். ஆனால் ஒருமுறை தொடங்கிவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்குத் தொடங்கினோம். ஐம்பது நிமிடம் ஆனதும் கால் வலிக்கிறது என்று எழுந்துவிட்டார். மறுநாள் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்த பிறகும் இணையம் உயிர்பெற இரவு ஒன்பது ஆகிவிட்டது. அன்று ஒரு மணி நேரம் பார்த்தார். வியாழக்கிழமை விடியற்காலையிலேயே குறுவை அறுவடைக்கு இயந்திரம் வந்து நின்றது. களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூட்டைக் கணக்கு எழுதாமல் அவருக்கு அறுவடை அறுவடையாகவே இருக்காது. இருட்டிய பிறகு குளித்துச் சாப்பிட்டு, ஏழு மணிக்கு வந்து அமர்ந்தால், ‘வாடகைக் காலம் முடிந்தது, மீண்டும் வாடகைக்கு எடுக்கவும்’ என்று திரையில் எழுதியிருந்தது. இன்னும் ஐம்பது நிமிடப் படம் பாக்கி.

அடுத்த முறை இப்படி ஆகக் கூடாது என்று, வேறொரு படத்தை வாடகைக்கு எடுத்தபோது அதைப் பதிவு செய்து வைக்க முயன்றேன். கைப்பேசியில் திரைப்பதிவு போட்டால் கறுப்புத் திரையில் வசன வரிகள் மட்டும் மிதந்தன. படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. வடத்தின் நடுவே பதிவுக் கருவி ஒன்றை இணைத்தால் அதுவும் இருட்டு. ஏற்கெனவே டி.டி.எச். பெட்டியில் பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்திருந்த நிகழ்ச்சிகள் கணினியில் திறக்கவே இல்லை. பெட்டி பழுதாகி வேறு பெட்டி மாற்றிய பிறகு அந்தப் பெட்டியிலும் ஓடவில்லை.

படத்தை விற்பதோ நாலு பேருக்குக் கொடுப்பதோ என் நோக்கமன்று. பணம் கட்டிய படத்தை ஒருவர் தம் உடம்புக்கு ஏற்ற வேகத்தில் பார்ப்பதற்கு வழியே இல்லையா? நான் செய்ய முயன்றது சட்டப்படி குற்றமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அரசலாறு

தம்பி, கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கருவி எதிலும் பழுதில்லை; அவை இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்றே செய்யப்பட்டவை.

முதலில் கைப்பேசி. வாடகைப் படத்தின் காட்சி, மற்றச் செயலிகள் எட்டிப் பார்க்க முடியாத ஒரு தனிப் பாதையில் திரைக்குப் போகிறது. வசன வரிகளைச் செயலி சாதாரண முறையில் அதன் மேலே எழுதுகிறது. திரைப்பதிவுக்கு அந்தச் சாதாரண அடுக்கு மட்டுமே அகப்படுவதால்தான் எழுத்து வந்தது, படம் வரவில்லை. ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்தக் காவலைப் பெரும்பாலும் வைட்வைன் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. கூகுள் நிறுவனம் அதை 2010-இல் வாங்கியது. காவல் சில்லுக்குள்ளேயே நடக்கும் கருவிகளுக்கு எல் 1 என்றும், மென்பொருளோடு நின்றுவிடும் கருவிகளுக்கு எல் 3 என்றும் தரம் பிரித்திருக்கிறார்கள். எல் 3 கருவியில் பெரும்பாலான சேவைகள் உயர்துல்லியப் படத்தைத் தருவதில்லை. விலை குறைந்த பெட்டியை வாங்கிவிட்டு ‘படம் மங்கலாக இருக்கிறது’ என்று என் கடைக்கு வருபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்; நான் எந்தத் திருகைத் திருகினாலும் அது தெளியாது.

அடுத்து எச்.டி.எம்.ஐ. வடம். அதில் எச்.டி.சி.பி. என்ற பூட்டு இருக்கிறது. இன்டெல் நிறுவனம் வகுத்த இந்த முறையின் முதல் பதிப்பு 2000-இல் வந்தது. 4கே படங்களுக்காக 2.2 என்ற பதிப்பு 2013-இல் வந்தது. பெட்டியும் தொலைக்காட்சியும் முதலில் ஒன்றின் சாவியை மற்றது சரிபார்க்கும். படம் ஓடும்போதும் இடையிடையே ‘நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் நுழைந்த பதிவுக் கருவிக்கு அந்தச் சாவி வழங்கப்படுவதில்லை, ஆகவே அதற்குக் கிடைப்பது இருட்டுதான். எந்தத் தவறும் செய்யாதவர்களும் இதில் மாட்டிக்கொள்வது உண்டு. போன மாதம் ஒருவர் தம் மகள் திருமணத்துக்கு வாங்கிய பழைய புரொஜெக்டரை எடுத்துவந்து, யூடியூப் காணொளி தெரிகிறது, வாடகைப் படம் மட்டும் தெரியவில்லை என்றார். புரொஜெக்டரில் எச்.டி.சி.பி. இல்லை, அவ்வளவுதான். அவர் காசு கொடுத்த வாடிக்கையாளர். பூட்டுக்கு அது தெரியாது.

டி.டி.எச். பதிவைப் பொறுத்தவரை, பதிவாகும்போதே அந்தப் பெட்டியின் சாவியால் அது குறியாக்கம் செய்யப்படுகிறது. பெட்டி போனால் சாவி போயிற்று. இது அவர்களாக விரும்பிச் செய்தது மட்டுமன்று; பதிவு வசதி உள்ள பெட்டிகளில் நகல் தடுப்பு முறை இருந்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017-ஆம் ஆண்டு இணைப்பு ஒழுங்குமுறைகளே கூறுகின்றன.

இந்த வழக்கம் புதிதும் அன்று. வீடியோ டெக்கும் தொலைக்காட்சியும் இரவு வாடகைக்கு எடுத்து, வாசலில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் உங்கள் தந்தைக்கு நினைவிருக்கும். அதே காலத்தில், 1985 முதல், அமெரிக்க வீடியோ நாடாக்களில் மேக்ரோவிஷன் என்ற தடுப்பைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். திரையில் தெரியாத வரிகளுக்குள் பொய்யான துடிப்புகளைச் செருகிவைப்பார்கள். தொலைக்காட்சி அதைப் பொருட்படுத்தாது. ஆனால் நகலெடுக்கும் டெக்கோ ஒளியளவைத் தவறாகக் கணித்து, படத்தை ஒரு கணம் மங்கவும் மறுகணம் பளிச்சிடவும் செய்துவிடும்.

எச்.டி.சி.பி. பூட்டை அவிழ்த்துத் தரும் பிரிப்பான்கள் (ஸ்பிளிட்டர்) கடைத்தெருவில் கிடைக்கின்றன. நான் விற்பதில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன். அதற்குப் பதில், அடுத்த முறை படத்தை முன்கூட்டியே செயலிக்குள் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். பல சேவைகள் கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் அதை அனுமதிக்கின்றன. கெடு மாறாது என்றாலும், இணையம் போனதால் ஒரு மாலை வீணாவதாவது தவிரும்.

பதில்: பாமணிக்கரை

மன்னார்குடிப் பக்கம் திரையரங்கு நடத்திய குடும்பத்தில் பிறந்தவன் நான். எதிர்த்தரப்பின் நியாயத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா?

படம் வெளியான மூன்றாம் நாளே உள்ளூர் கேபிளில் இரவுக் காட்சியாக அது ஓடியதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அன்று எங்கள் அரங்கின் கீழ்வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். அப்பா அவர்களை எண்ணிவிட்டு வந்து முறுக்குக் கூடைக்காரரிடம் ‘இன்று நீ வீட்டுக்குப் போகலாம்’ என்றார். திருட்டு நகல் ஒருவரோடு நிற்பதில்லை. உங்கள் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் உங்கள் பென் டிரைவில் இருக்கும் நகலும் திருடனுடைய பென் டிரைவில் இருக்கும் நகலும் ஒரே நகல்தான். ‘விஸ்வரூபம்’ படத்தை 2013 ஜனவரியில் திரையரங்குக்கு முன்பே டி.டி.எச்.சில் கட்டணக் காட்சியாகத் தரப்போவதாகக் கமல்ஹாசன் அறிவித்தபோது அரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்ததற்கு, வசூல் பங்கு பற்றிய அச்சத்தோடு இந்த நகல் அச்சமும் கலந்திருந்தது.

ஆகவே பூட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது வேறு விஷயம். உங்கள் வயலுக்கு வந்த அறுவடை இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக் கணக்கில்தான் வாடகை; ஆனால் மழை பிடித்து வண்டி வரப்போரம் நின்றால், நின்ற நேரத்துக்கு எந்த முதலாளியும் காசு கேட்பதில்லை. ஓடிய மணிக்குத்தான் கூலி. படத்தை நகலெடுக்க முடியாதபடி இவ்வளவு இறுக்கமாகப் பூட்டிவைத்த பிறகு, கெடுவை ஒரு வாரம் நீட்டுவதால் தயாரிப்பாளருக்கு என்ன நட்டம்? அந்த வாரத்தில் உங்கள் தந்தை அதே படத்தை இரண்டாம் முறை பார்த்துவிடுவார் என்பதா? பார்க்கட்டுமே. பூட்டு இல்லாதிருந்தால் கெடுவுக்கு ஒரு பொருள் உண்டு; பூட்டும் வேண்டும், கெடுவும் வேண்டும் என்பது பேராசை.

பதில்: துலாக்கட்டம்

மயிலாடுதுறையில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டப் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரிவு 52(1)(அ), ஒரு படைப்பைத் தனிப்பட்ட அல்லது சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான முறையில் கையாள்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த பிரிவு 65-அ, பதிப்புரிமையைக் காக்கப் போடப்பட்ட தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் எண்ணத்துடன் உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ‘மீறும் எண்ணத்துடன்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு நோக்கத்துக்காகச் செய்வதற்கு அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு விலக்கும் அளிக்கிறது. அந்த வகையில் நம் சட்டம், எண்ணத்தைப் பாராமல் பூட்டைத் தொட்டாலே குற்றம் என்று சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பிரிப்பான் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். வாடகைக்கு எடுத்த ஒன்றைக் கெடு கடந்தும் வைத்துக்கொள்வது நியாயமான கையாளல்தானா என்பது வாதத்துக்குரியது. அத்துடன், சேவையில் சேரும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நீங்கள் அழுத்திய ஒப்பந்தம் நகலெடுப்பதைத் தடுக்கிறது. குற்றம் ஆகாவிட்டாலும் அவர்கள் உங்கள் கணக்கை முடக்கலாம். பூட்டை உடைத்துக் கொடுக்கும் கடைக்காரரும், யாருக்காக, எதற்காகச் செய்தார் என்ற முழு விவரத்தையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அரசலாறு ஐயா அந்தக் கருவியை விற்காமல் இருப்பது விவேகமே.

பலர் இந்த இடத்தில் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ பதிவுக் கருவி பற்றிய அமெரிக்க வழக்கை எடுத்துக்காட்டுவார்கள். தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அது இலவச ஒளிபரப்பைப் பற்றியது, வாடகைப் படத்தைப் பற்றியது அன்று. நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

உங்களுக்குப் பயன்படும் வழி வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம்; சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 149 ரூபாய்க்காகத் தஞ்சாவூருக்கு எத்தனை முறை பேருந்தேறுவது என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. முதலில் சேவையின் உதவி மையத்துக்கு எழுதுங்கள். எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பது அவர்கள் கணக்கிலேயே இருக்கும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள்.

குடமுருட்டிக்கரை மீண்டும்

மூவருக்கும் நன்றி. துலாக்கட்டம் ஐயா சொன்னபடி, பார்த்த நிமிடங்களையும் மின்தடை அறிவிப்பு வந்த நாளிதழ்த் துண்டின் படத்தையும் சேர்த்து உதவி மையத்துக்கு எழுதினேன். நான்காம் நாள், விதிப்படி திருப்பித் தர இயலாது என்றும், ஆயினும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ அதே தொகையைக் கணக்கில் வரவு வைப்பதாகவும் பதில் வந்தது.

அறுவடை இயந்திர வாடகையைப் பற்றிப் பாமணிக்கரை அவர்கள் எழுதியதைத் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். ‘அவர் வீட்டில் நிலமும் இருக்க வேண்டும், கேட்டுப் பார்’ என்றார். மீதி ஐம்பது நிமிடத்துக்காக அதே படத்தை மீண்டும் எடுத்திருக்கிறேன், ஆனால் இன்னும் தொடங்கவில்லை. முப்பது நாள் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் மூட்டைகள் எடை போட்டு முடிந்த பிறகு, அடுத்த மின்தடை என்றைக்கு என்று நாளிதழைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது.