‘பென்னிஸ் வீடியோ’ பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பார்க்கும்போது என்ன செய்தீர்கள்?

இருபதாவது வளைவு:

வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி ஏற்காட்டில் நண்பர் வீட்டில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு படம் பார்த்தோம். 1992-இல் வந்த ஆஸ்திரியப் படம், மிகேல் ஹானெக்கே எடுத்தது. ஒரு வாரம் ஆகியும் மனசிலிருந்து இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கதை முழுவதும் வரும். படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பென்னிக்கு 14 வயது. வசதியான வீடு. அவன் அறையில் ஜன்னல் திரை மூடியே கிடக்கும். கீழே இருக்கிற தெருவைக்கூட கேமரா வைத்து டிவியில்தான் பார்ப்பான். படம் ஆரம்பிப்பதே அவன் எடுத்த வீடியோவில். ஒரு பண்ணையில் பன்றியைக் கொல்கிறார்கள். நெற்றியில் வைத்து அழுத்துகிற துப்பாக்கி அது. குண்டு போகாது, உள்ளேயிருந்து ஓர் இரும்புக் கம்பி பாய்ந்து திரும்பும். பன்றி விழுகிறது. உடனே வீடியோ பின்னால் ஓடுகிறது, விழுந்த பன்றி எழுந்து நிற்கிறது. பிறகு மறுபடியும், இந்த முறை மெதுவாக, சாகிறது.

அப்பா அம்மா ஊரில் இல்லாத ஒரு நாள், வீடியோ கடை வாசலில் பார்த்த ஒரு சிறுமியை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அந்தப் பன்றி வீடியோவைப் போட்டுக் காட்டுகிறான். பண்ணையிலிருந்து திருடி வைத்திருந்த துப்பாக்கியையும் காட்டுகிறான். அமுக்கு என்று அவள் கையில் கொடுக்கிறான். அவள் அமுக்கவில்லை, கோழை என்கிறான். அவன் கைக்குத் திரும்பியதும் அதே வார்த்தையை அவளும் சொல்கிறாள். அவன் அமுக்கிவிடுகிறான்.

கொலையை நாம் நேராகப் பார்ப்பதில்லை. அறையில் ஓடிக்கொண்டிருக்கும் கேமராவின் டிவித் திரை மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. அவள் தவழ்ந்து அந்தத் திரையில் தெரியும் இடத்துக்கு வெளியே போய்விடுகிறாள். அதன் பிறகு சத்தம்தான்.

எங்களில் ஓர் அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். வெளியே மூடுபனி, சில்வர் ஓக் இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ரொம்ப நேரம் அவர் உள்ளே வரவில்லை. நண்பர் ரிமோட்டைத் தேடி சத்தத்தைக் குறைத்தார். என் அக்கா மகன், இன்ஜினியரிங் படிக்கிறவன், படம் முடிந்ததும் “அவ்வளவுதானா மாமா? ரத்தமே இல்லையே” என்றான். மற்றவர்களுக்கு அவன் மேல் கோபம். எனக்குக் கோபப்பட முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பன்றி இரண்டாவது தடவை மெதுவாகச் செத்தபோது, நன்றாகத் தெரியட்டும் என்று நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

படம் நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. பார்க்கும்போது நீங்கள் என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

பழைய டெக்:

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்கப்பா கேசட் கடை வைத்திருந்தார். டெக் (கேசட் போட்டுப் படம் ஓட்டுகிற பெட்டி), கலர் டிவி, மூணு கேசட், ஒரு ராத்திரி வாடகை. சேலத்தில் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டில் டெக் எடுத்தால் தெருவே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர், படம் என்றால் சோறு வேண்டாம் என்கிற ஊர்.

கேசட் திரும்பி வந்ததும் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. டேப்பை ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தால் அந்த இடம் தேய்ந்துபோகும். படத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். எந்த இடத்தில் கோடு விழுந்திருக்கோ அந்த இடத்தைத்தான் ஊரே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கு என்று அர்த்தம். பாட்டு என்று நினைப்பீர்கள். பாட்டிலும் விழும். ஆனால் ஒரு பெண்ணை நாலு பேர் துரத்துகிற காட்சி, கையை வெட்டுகிற காட்சி, அங்கேதான் கோடு அதிகம். எனக்கு அப்போ 13 வயசு. கோடு விழுந்த இடம் வந்தால் நானும் நிறுத்திப் பார்ப்பேன், அப்படி என்ன இருக்கு என்று. அப்பாவுக்கும் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார், ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

நீங்கள் சொன்ன அந்த ரீவைண்ட் காட்சியில் நான் எழுந்து விளக்கைப் போட்டேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

கரும்பலகை:

ஓய்வு பெற்ற ஆசிரியன், உளவியல் பாடம் எடுத்தவன். படத்தைப் பார்த்தபோது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன், பழக்கதோஷம். ஆனால் எழுதியது ஒரே வரி: “இவனை யாரும் திட்டவில்லை.”

1961-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 3 முதல் 6 வயது வரையுள்ள 72 குழந்தைகள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த போபோ பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே மாதிரி அடித்தன. 1963-இல் அதையே படமாகக் காட்டியும் பார்த்தார்கள், அப்போதும் அடித்தன. பொம்மையே அடிப்பதற்காகச் செய்ததுதானே, அதை அடித்ததை வைத்து ஒரு குழந்தை கொடூரமானது என்று சொல்லிவிட முடியுமா என்ற கேள்வியும் அன்றிலிருந்து உண்டு, அது நியாயமான கேள்வி. நான் வகுப்பில் அதிகம் பேசியது 1965-இல் வந்த அடுத்த ஆய்வைப் பற்றி. அடித்த ஆளுக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தன. ஆனால் “அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு தருகிறேன்” என்று கேட்டதும் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். எல்லாமே உள்ளே பதிந்துதான் இருந்தது. வெளியே வராமல் தடுத்தது, அடித்த ஆளைத் திட்டித் தண்டித்த இன்னொரு பெரியவரின் முகம்.

பென்னியின் அறையில் அப்படி ஒரு முகம் கிடையாது. 2023 திருத்தத்துக்குப் பிறகு நம் தணிக்கைச் சான்றிதழிலும் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய யுஏ பிரிவை வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பையன் பார்ப்பதற்கு யார் சான்றிதழ் கொடுப்பது?

தறிச்சத்தம்:

எல்லாரும் எழுதினதைப் படிச்சிட்டு ரெண்டு நாளா எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேங்க. அம்மாபேட்டையில எங்களுக்கு விசைத்தறி. தறி ஓடுற சத்தத்துல படத்தைப் போன்ல பார்த்தேன், சத்தம் கேக்காது, கீழ வர்ற எழுத்தைத்தான் படிச்சேன். அதனால அந்தக் கொலை என்னை அவ்வளவா அசைக்கலைங்க. அடுத்து வந்ததுதான்.

பையன் அந்த வீடியோவை அவனே அப்பா அம்மாகிட்ட போட்டுக் காட்டுறான். அன்னிக்கு ராத்திரி அவங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுறாங்க. அழுகை இல்ல, அடி இல்ல. அந்தப் பொண்ணு இங்க வந்தது யாருக்குத் தெரியும், யாராச்சும் பாத்தாங்களா, உடம்பை என்ன பண்றது, எவ்வளவு சின்னதா... கணக்குப் போடுறாங்க. அப்பறம் அம்மாவும் பையனும் எகிப்துக்குக் கிளம்பிப் போயிடறாங்க. அப்பா வீட்டுல இருந்து எல்லாத்தையும் முடிக்கிறார்.

நான் தறியை நிறுத்திட்டேன். பக்கத்துத் தறிக்காரர் நூல் அறுந்துடுச்சான்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன்.

போன வருசம் என் பையன் படிக்கிற இடத்துல நாலஞ்சு பசங்க சேர்ந்து ஒரு பையனைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போய் அடிச்சிருக்காங்க. என் பையன் அடிக்கல. ஆனா வீடியோ எடுத்த போன் அவனோடது. அது யார் யாருக்கோ போய் எங்க தெரு வரைக்கும் வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர் கேட்ட முதல் வார்த்தை, “அதை அழிச்சிட்டியா?” ரெண்டாவது வார்த்தை, “உன் போன்னு வேற யாருக்குத் தெரியும்?” நான் பக்கத்துல உக்காந்து, இல்லைங்க, யாருக்கும் தெரியாதுங்கன்னு சொல்லிட்டிருந்தேன். அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு நாங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்ல. புள்ளையைக் காப்பாத்தறோம்னுதான் நினைச்சோம். சத்தியமா அப்படித்தான் நினைச்சோம்.

படத்தைப் பார்த்த மறுநாள் என் பையனைக் கூட்டிட்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். கொண்டலாம்பட்டி தாண்டி உள்ள போகணும். எங்க வீட்டுக்காரர் வரலை, போகாதேன்னும் சொல்லலை. அந்தம்மா வெள்ளிப் பட்டறைக்கு வேலைக்குப் போறவங்க, கொலுசுக்கு மணி வைக்கிற வேலை. யாருன்னு தெரியாம உள்ள வாங்க கண்ணுன்னு கூப்பிட்டாங்க. தண்ணி கொடுத்தாங்க. நான் சொன்னதும் சொம்பை வாங்கி உள்ள கொண்டுபோய் வெச்சிட்டு வந்து, “இப்ப எதுக்கு வந்தீங்க?”ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. என் பையன்தான், “நான்தான் எடுத்தேன் அத்தை”ன்னான். அவங்க அவன் முகத்தையே பாத்துட்டிருந்தாங்க. அந்தப் பையன் வெளியவே வரலை, உள் ரூம்ல கட்டில் சத்தம் மட்டும் கேட்டுச்சு. மன்னிச்சிட்டேன்னு அவங்க சொல்லலைங்க. சொல்லணும்னு நான் எதிர்பாக்கவும் இல்ல.

கருப்பனார் காடு:

தறிச்சத்தம் அக்கா, நீங்கள் போனது பெரிய காரியம்.

நான் வேறு ஒன்று சொல்கிறேன். எங்கள் தாத்தா கருப்பனாருக்குக் கிடா வெட்டுகிறவர். ஆறு வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிடா துலுக்குவதற்காகக் கூட்டமே வாயை மூடிக் காத்திருக்கும். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. அரைமணி நேரம் துலுக்காமல் நின்ற கிடாவையும் பார்த்திருக்கிறேன், தாத்தா அரிவாளோடு வெயிலில் அசையாமல் நிற்பார். வெட்டின பிறகு அந்தச் சூடு, வாசனை, தோலை உரிக்கும்போது கையில் ஏறும் கனம். அன்று ராத்திரி தாத்தா சாப்பிட மாட்டார்.

ரத்தத்தைப் பார்த்ததால்தான் பையன் கெட்டான் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பென்னியும் அந்தப் பண்ணையில் நேரில்தான் நின்றான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்றான். எங்கள் கிடா ஒருநாளும் எழுந்து நின்றதில்லை.

அந்தப் பன்றி நிஜமாகவே செத்தது, பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியும். அதைப் படத்துக்காக எடுத்தது எனக்கு உறுத்துகிறது. இதைச் சொல்லாமல் இயக்குநரைப் புகழ முடியாது.

மூன்றாவது காட்சி:

ஹானெக்கே 1997-இல் எடுத்த ‘ஃபன்னி கேம்ஸ்’ஸிலும் ஆர்னோ ஃப்ரிஷ்தான், பென்னியாக நடித்த அதே பையன். அதில் கொலைகாரர்களில் ஒருவன் ரிமோட்டை எடுத்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தையே பின்னால் ஓட்டிவிடுவான், தனக்குப் பிடிக்காதது நடந்துவிட்டது என்று. ஐந்து வருடம் கழித்தும் அந்த ரீவைண்ட் பட்டன் இயக்குநரை விடவில்லை. நான் இரண்டையும் பாதியில் நிறுத்தினேன். திரும்பப் பார்க்க மாட்டேன்.

அடிவாரம்:

படம் நான் பார்க்கலை. எழுதலாமான்னு தெரியலை, தப்பா இருந்தா எடுத்திடுங்க.

ஆம்புலன்ஸ்ல வேலை. மலைப்பாதையில ராத்திரி எட்டு மணி இருக்கும், பைக் சரிஞ்சு ஒரு பையன் தடுப்புச் சுவர் ஓரமா கிடந்தான். மூடுபனி. நாங்க போறப்ப ஆறேழு பேர் சுத்தி நிக்கிறாங்க, எல்லார் கையிலயும் போன். ஒருத்தன், பதினஞ்சு வயசுதான் இருக்கும், என்னைப் பாத்து “அண்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்க”ன்னான். மறைக்கிறேனாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கிப் பள்ளத்துல வீசியிருப்பேன். அதுக்கு நேரமில்ல. அவன் கையைப் பிடிச்சு இழுத்துப் பக்கத்துல உக்கார வெச்சு, “டார்ச்சைப் போடு, இங்க அடி, தொடைக்கு நேரா”ன்னேன். போட்டான். நான் ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போட்டுட்டிருக்கேன், வெளிச்சம் ஆடுது. நிமிர்ந்து பாத்தா அவன் கை நடுங்குது. வீடியோ எடுக்கும்போது அந்தக் கை நடுங்கலை, கல்லு மாதிரி இருந்துச்சு. வண்டியில ஏத்துற வரைக்கும் கூடவே வந்தான். கதவைச் சாத்துறப்ப, “பொழைச்சிடுவாரா அண்ணா?”ன்னு கேட்டான்.

பொழைச்சான். அதை அந்தத் தம்பிகிட்ட சொல்ல அவன் நம்பர் என்கிட்ட இல்ல.

இருபதாவது வளைவு:

எல்லோருக்கும் நன்றி. தறிச்சத்தம் அக்கா எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

படத்தின் முடிவை நான் எழுதாமல் விட்டேன். எகிப்திலிருந்து வந்ததும் அப்பா கேட்கிறார், ஏன் செய்தாய் என்று. எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான், ஒருவேளை, என்பதுபோல் ஏதோ சொல்கிறான். பிறகு போலீசுக்குப் போகிறான். கொலை தெரிந்த அன்று ராத்திரி அப்பாவும் அம்மாவும் கணக்குப் போட்டதைக் கதவு வழியாக அவன் பதிவு செய்து வைத்திருக்கிறான். அதைப் போட்டுக் காட்டுகிறான்.

அக்கா மகனைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. புதன்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தான். ஹாஸ்டலில் படத்தை மறுபடி போட்டிருக்கிறான், தனியாக, ஹெட்போனில். சத்தத்தைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“மாமா, அந்தப் பொண்ணு பேர் என்ன?”

எனக்குத் தெரியவில்லை. பென்னி பேர் தெரியும், நடித்தவன் பேர் தெரியும், இயக்குநர் பேர் தெரியும். லேப்டாப்பை எடுத்துக் கடைசியில் ஓடும் எழுத்துகளில் தேடினேன். அவள் பாத்திரத்துக்கு நேராக ஜெர்மனில் ஒரே ஒரு சொல் போட்டிருக்கிறது. சிறுமி.

“பேர் வைக்கலடா” என்றேன். அவன் போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.